இரண்டாவது குழந்தையும் கடல் கடந்து வரப்போகிறது: அமெரிக்காவிலிருந்து இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் மகள் 2018இல் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம். தமிழ்நாட்டுக் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து தத்தெடுத்தோம். இப்போது எட்டு வயது. இரண்டாவது குழந்தைக்கான கோப்பு செங்கல் கனத்துக்கு வளர்ந்து, மகாராஷ்டிரத்தில் இருக்கும் ஐந்து வயதுப் பையனின் விவரம் வந்து, நாங்கள் கையெழுத்தும் போட்டு அனுப்பிய பிறகு, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள்: "தம்பிக்குத் தமிழ் தெரியுமா, அம்மா?"

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கைரேகை, வருமான வரி, நோட்டரி முத்திரை என்று ஒன்றரை வருடம் ஓடியிருந்தோம். அவனுக்கு மராத்தி மட்டும்தான் தெரியும் என்பது அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. படித்தும் இருந்தோம். அது எங்கள் வீட்டில் எப்படி நடக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

இரண்டாம் முறை தத்தெடுப்பவர்களுக்கு வரும் வியாதி இது: வழி தெரியும் என்ற நினைப்பு. தெரிந்த வழியில்தான் கால் இடறுகிறது. நாங்கள் இப்போது இந்திய அரசின் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பான காராவின் (CARA) தடையில்லாச் சான்றுக்காகக் காத்திருக்கிறோம். இதுவரை வந்த வழியையும், முதல் முறை நடந்து முடித்த மீதி வழியையும் சேர்த்து எழுதுகிறேன். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தியப் பக்கத்து விதிகள் பெரும்பாலும் பொருந்தும், குடியேற்ற விதிகள் பொருந்தாது.

முதலில், உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

இரண்டு நாடுகளின் கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் இருக்கின்றன. இந்தியாவில் அது 2003 அக்டோபரிலும் அமெரிக்காவில் 2008 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது. அதனால் எல்லாமே அந்த உடன்படிக்கையின் வரிசைப்படிதான் நடக்கும். வரிசை மாறினால் குழந்தைக்கு விசா கிடைக்காது.

அமெரிக்கப் பக்கத்தில், கணவன் மனைவி இருவரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும், இருவருமே கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கும் இந்த வழி கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடு வாழ் இந்தியரைக் காரா உள்நாட்டு இந்தியருக்குச் சமமாகவே நடத்துகிறது. அங்கே கதவு அகலத் திறக்கும், இங்கே பூட்டியிருக்கும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு மாறியவர்களுக்கு இங்கே திறக்கும். அங்கே வெளிநாட்டுத் தத்துப் பட்டியலில் போய் நிற்க வேண்டும். ஆனாலும் அந்தப் பட்டியலுக்குள் இந்திய வம்சாவளியினருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று, தத்தெடுப்பை ஆளும் இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது.

இந்தியப் பக்கத்தில் வயதுக் கணக்கைக் கையில் காகிதம் வைத்துக்கொண்டு போடுங்கள். 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிகளின்படி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85க்கு மேல் போகக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கிலிருந்து எட்டுக்கு 100, அதற்கு மேல் 110. பதிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. எனக்கு 42, அவருக்கு 44. கூட்டினால் 86. கைக்குழந்தை என்ற பேச்சு அந்தக் கூட்டலிலேயே முடிந்துபோனது. முதல் குழந்தையைச் சிறு வயதில் தூக்கியவர்களில் பலர் இரண்டாவதும் அப்படியே வரும் என்று நினைத்திருப்பார்கள். இடையில் ஓடிய வருடங்களை விதி கணக்கில் வைத்திருக்கும்.

இன்னொன்று: வீட்டில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளும் எளிதில் இடம் கிடைக்காத குழந்தைகளும் மட்டுமே உங்களுக்குக் காட்டப்படுவார்கள். பழைய விதியில் இது மூன்று குழந்தைகள் என்றிருந்தது. பழைய அனுபவத்தைச் சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்டு ஏமாற வேண்டாம். இவை தவிர, திருமணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

"அண்ணன் பிள்ளையைத் தத்தெடுத்தால் இவ்வளவு அலைச்சல் இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். எங்களிடம் மூன்று பேர் சொன்னார்கள். ஊரில் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி ஐயரை வைத்துச் சுவீகாரம் செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிட்டு, அந்தப் பத்திரத்தோடு விசா கேட்டுப் போனால் கதை அங்கேயே நின்றுவிடும். உறவுக் குழந்தையானாலும் அமெரிக்காவுக்கு அழைத்துவர ஹேக் வரிசைதான். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் தற்காலிக ஒப்புதல் வரும் முன்பே தத்து முடித்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. குழந்தைக்குப் பதினாறு வயது ஆவதற்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பும் உண்டு. உறவுத் தத்து எண்ணம் இருந்தால், பத்திரம் எழுதும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஏஜென்சி

உங்கள் தத்து வேலைகளை நடத்தித் தரும் ஏஜென்சி அமெரிக்காவில் ஹேக் தத்துக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது மட்டும் போதாது. இந்தியாவுக்காகக் காராவும் அந்த ஏஜென்சியை அங்கீகரித்திருக்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முதல் குழந்தைக்கு உதவிய ஏஜென்சி இன்றும் இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2004இல் அமெரிக்காவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த தத்துக் குழந்தைகள் ஏறத்தாழ 23,000. 2023 நிதியாண்டில் அது 1,275. சீனா 2024இல் கதவைச் சாத்தியது. இந்தச் சரிவில் கடை கட்டிய ஏஜென்சிகள் பல. குழந்தை வந்த பிறகு காராவுக்கு அனுப்ப வேண்டிய பின்தொடர் அறிக்கைகளை, ஏஜென்சி மூடினால் யார் எழுதுவார்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம்.

தரகர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கிறது, கொஞ்சம் செலவாகும்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு என்றாவது வரும். நல்ல மனத்தோடு கூட வரலாம். சட்ட வழிக்கு வெளியே குழந்தையை வாங்குவதும் கொடுப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இவ்வளவு காகிதம் ஏன் என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் சென்னையை நினைத்துக்கொள்வேன். 2005இல் அங்கே ஒரு வழக்கு வெளிவந்தது. ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் அநாதைகள் என்ற காகிதத்தோடு வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்டிருந்தார்கள். அழைத்துப்போன வெளிநாட்டுப் பெற்றோருக்கு விவரம் தெரியாது. ஊரில் தேடிக்கொண்டிருந்த தாய்களுக்கும் தெரியாது. 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைகள் அதற்கு முன்பே இருந்தும் அது நடந்தது. இப்போது ஒரு குழந்தையைத் தத்துக்குச் சட்டப்படி விடுவிக்க வேண்டுமானால், குழந்தைகள் நலக் குழு விசாரித்து, பெற்றோரைத் தேடி, அதற்கென்று உள்ள காலம் கழிந்த பிறகே அறிவிக்க முடியும். தாயே ஒப்படைத்த குழந்தையானால் அவள் மனம் மாறுவதற்கு இரண்டு மாதம் விடுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தை யாரும் உங்களுக்காகக் குறைத்துத் தரக் கூடாது.

ஹோம் ஸ்டடி என்னும் குடும்ப ஆய்வு

சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். முதல் முறை நான் வீட்டைத் துடைத்து, தீபாவளிக்குப் போல அலங்கரித்து வைத்திருந்தேன். இரண்டாம் முறை அவர் வந்தபோது தொட்டியில் பாத்திரம் கிடந்தது. அவர் பார்ப்பது புகை எச்சரிக்கைக் கருவி, மருந்துகள் பூட்டிய அலமாரி, குழந்தை தூங்கப்போகும் இடம், பிறகு உங்கள் முகம்.

தமிழ்க் குடும்பங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், கல்விச் சான்றிதழில் இனிஷியலாகவும், திருமணச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். மூவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை முதலிலேயே நோட்டரி முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஓர் எழுத்துக்காகக் கோப்பு திரும்பி வரும்.

திருமணச் சான்று. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் மணமேடையோடு நிறுத்திக்கொண்டவர்கள், ஊருக்குப் போகும்போது பதிவு வேலையை முடித்துவிடுங்கள்.

வாழ்ந்த ஊர்கள். பதினெட்டு வயதுக்குப் பிறகு நீங்கள் வசித்த ஒவ்வொரு மாநிலத்திலும் நாட்டிலும் குழந்தைக் கொடுமைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பதிவேடே இல்லாத நாடானால், அதை ஆய்வறிக்கையில் குறிப்பிடுவார்கள். என் கணவர் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், நியூ ஜெர்சி, டெக்சாஸ் என்று வேலைக்கு அலைந்தவர். சிங்கப்பூர்க் காகிதம்தான் கடைசியில் வந்து சேர்ந்தது. இதை முதல் வாரமே தொடங்குங்கள்.

மாமியார். கேலிக்குச் சொல்லவில்லை. வீட்டில் வசிக்கும் பதினெட்டு வயது கடந்த எல்லோரும் ஆய்வுக்குள் வருவார்கள், அவர்களுக்கும் கைரேகை உண்டு. ஆறு மாத விசாவில் வந்து தங்கியிருக்கும் பெற்றோர் இந்தக் கணக்கில் சேர்வார்களா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், சமூகப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய தவறுகள். கல்லூரிக் காலத்தில் ஒருமுறை காவல் நிலையம் போனது, தள்ளுபடியான வழக்கு, மனச்சோர்வுக்கு எடுத்துக்கொண்ட மாத்திரை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பதிவிலிருந்து அழிக்கப்பட்ட கைதைக்கூட மறைக்கக் கூடாது. நடந்தது பெரும்பாலும் தடையாவதில்லை. மறைத்தது தடையாகும்.

ஹேக் விதிப்படி பத்து மணி நேரப் பயிற்சி உண்டு. ஏற்கெனவே வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பவர்களுக்கு ஏஜென்சி இதிலிருந்து விலக்குத் தரலாம். எங்களுக்கும் தர முன்வந்தார்கள். கணவருக்கு ஆசைதான். நான் வேண்டாமென்றேன். பதினான்கு மாதக் குழந்தையை வளர்த்த அனுபவம், ஐந்து வருடம் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படிப் போதும்? கட்டாயமில்லாதபோது உட்கார்ந்து கேட்ட அந்தப் பத்து மணி நேரம்தான் எனக்கு அதிகம் உதவியது.

அறிக்கையில் எந்த வயது, எந்த உடல்நிலை வரை உங்களால் ஏற்க முடியும் என்று எழுதுவார்கள். இங்கே கூச்சப்பட்டு "மூன்று வயதுக்குள், நல்ல ஆரோக்கியம்" என்று எழுதிவிட்டால், பிறகு ஐந்து வயதுக் குழந்தைக்கு மனம் இசைந்தாலும் ஒப்புதலைத் திருத்தி வாங்க வேண்டும். அதே சமயம், மறுத்தால் கெட்டவர்களாகத் தெரிவோமோ என்று எல்லாவற்றுக்கும் சரியென்று குறிக்கவும் கூடாது. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனித்தனி அறையில் உட்கார்ந்து பட்டியலை நிரப்பினோம். பிறகு ஒப்பிட்டோம். நான்கு இடங்களில் வேறுபட்டோம். இருவரும் சரியென்றவை மட்டும் ஆய்வுக்குப் போயின.

கடைசியாக, ஐந்து வயது கடந்த மூத்த குழந்தையின் சம்மதமும் ஆவணங்களில் ஒன்று. அதைப் பற்றித் தனியே சொல்கிறேன்.

ஐ-800ஏ, பிறகு காரிங்ஸ்

குடும்ப ஆய்வறிக்கையோடு, தத்தெடுக்க நீங்கள் தகுதியானவர்கள் என்று ஒப்புதல் கேட்கும் ஐ-800ஏ படிவம் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போகும். 2024 ஏப்ரலிலிருந்து கட்டணம் 920 டாலர். ஆய்வறிக்கை ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கைரேகைக்கு அழைப்பார்கள். ஒப்புதல் பதினைந்து மாதம் செல்லும். அது தீரும் முன் நீட்டிக்க வேண்டும். நாள்காட்டியில் இரண்டு மாதம் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

இன்னொரு பக்கம், நோட்டரி, ஆவணம் வெளிநாட்டில் செல்லுவதற்காக மாநிலச் செயலர் தரும் அப்போஸ்டில் முத்திரை எல்லாம் வாங்கிய ஆவணங்களை ஏஜென்சி காராவின் இணையப் பதிவுத் தளமான காரிங்ஸில் ஏற்றிப் பதிவு செய்யும். அதன்பின் காத்திருப்பு. விடுவிக்கப்பட்ட குழந்தைக்கு 60 நாளுக்குள் இந்தியாவில் குடும்பம் கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டுத் தத்துக்கு வழி திறக்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், உடன்பிறந்தோர், ஐந்து வயது கடந்தவர்கள் ஆகியோருக்கு வெளிநாட்டுத் தத்தில் முன்னுரிமை தரலாம் என்று சட்டம் சொல்கிறது. நேராகச் சொன்னால், உள்நாட்டில் யாரும் கைநீட்டாத குழந்தைகள்தான் கடல் கடக்கிறார்கள். இதை ஏற்க முடியாதவர்கள் இந்த வரிசையில் நிற்பது நேர விரயம்.

குழந்தையின் விவரம் வந்த நாள்

இரண்டு அறிக்கைகள் வரும்: குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. கூடவே ஒரு புகைப்படம். புகைப்படத்தைக் கடைசியாகத் திறங்கள். இதைப் படிக்கும் யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்கிறேன்.

இந்தக் குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கிவைக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஆகவே வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழந்தைகள் மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் பார்ப்பது நாம் பார்க்கும் இடங்களை அல்ல. தலைச் சுற்றளவு மாதாமாதம் எப்படி வளர்ந்தது, பிறந்த எடை என்ன, எந்தச் சோதனை ஒருமுறை மட்டும் செய்யப்பட்டது, எது செய்யப்படவே இல்லை. எங்கள் பையனுக்கு உதட்டிலும் அண்ணத்திலும் பிளவு. உதட்டைச் சிறு வயதிலேயே சரிசெய்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தையல் மட்டும்தான் கண்ணில் பட்டது. மருத்துவர் முதலில் கேட்டது காதைப் பற்றி. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டிக் கேட்கும் திறன் குறையலாம் என்றார். பேச்சு தாமதம் என்று அறிக்கை சொன்னதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பிறந்த தேதியை நம்பி நட்சத்திரம் பார்க்கும் வீடுகளுக்கு ஒரு தகவல்: கைவிடப்பட்ட குழந்தைக்கு அது மருத்துவர் மதிப்பிட்ட தேதி.

கேள்விகளை எழுதி அனுப்பலாம். இரவில் எப்படித் தூங்குகிறான், யாரைத் தேடி அழுகிறான், அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஒருவரா பலரா, பிடித்த சாப்பாடு என்ன. மருத்துவக் கேள்விகளுக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. ஆயாவைப் பற்றிய கேள்விக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அந்த அரைப் பக்கத்தைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

காகிதங்களின் வரிசை

இது நீளமாகத் தெரிந்தாலும் உங்கள் வேலை இதில் குறைவு, ஏஜென்சியின் வேலை அதிகம். அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்கான மனுவாக ஐ-800 படிவம் குடியேற்றத் துறைக்குப் போகும், முதல் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தற்காலிக ஒப்புதல் வந்ததும் கோப்பு புது டெல்லி அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகும். டிஎஸ்-260 விசா விண்ணப்பத்தை நிரப்புவீர்கள், கட்டணம் 325 டாலர். நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள், குழந்தை அமெரிக்காவுக்குள் வரலாம் என்று சொல்லும் ஆர்ட்டிக்கிள் 5 கடிதத்தைத் தூதரகம் தரும். அதன்பின் காரா தடையில்லாச் சான்று தரும். சான்று கிடைத்ததும் நீங்கள் இந்தியாவுக்குப் போய், ஆணை வரும்வரை குழந்தையைத் தத்துக்கு முந்தைய பராமரிப்பில் உடன் வைத்துக்கொள்ள வழியுண்டு. இல்லத்துக்குச் செலுத்தும் குழந்தைப் பராமரிப்புத் தொகை 5,000 டாலர். இதற்கு ரசீது உண்டு. ரசீதில்லாமல் யாராவது எதையாவது கேட்டால் ஏஜென்சிக்கு அன்றே எழுதுங்கள்.

முதல் முறைக்கும் இப்போதைக்கும் பெரிய வேறுபாடு தத்து ஆணையில். எங்கள் மகளுக்கு ஆணை தந்தது நீதிமன்றம். 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர்தான் தருகிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆட்சியருக்குத் தேர்தல், வெள்ளம், அமைச்சர் வருகை என்று வேறு வேலைகளும் உண்டு என்பதை நினைவில் வைத்து விடுப்பைத் திட்டமிடுங்கள். ஐந்து வயது நிரம்பிய குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

ஆணைக்குப் பிறகு பிறப்புச் சான்று, இந்தியப் பாஸ்போர்ட், தத்து ஹேக் முறைப்படி நடந்தது என்று சொல்லும் காராவின் ஒப்பிசைவுச் சான்று, பிறகு டெல்லியில் மருத்துவப் பரிசோதனையும் விசா நேர்காணலும். வெளிநாட்டிலேயே தத்து முடிந்த குழந்தைகளுக்கான ஐஎச்-3 விசாவில் அமெரிக்க மண்ணில் இறங்கியதும், 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி குழந்தை குடிமகனாகிவிடுகிறது.

மூத்தவள்

சம்மதக் கடிதத்தை அவள் கையெழுத்தில் வாங்கினோம். அது ஆவணம். உண்மையான சம்மதம் வேறு நாள்களில் தவணைமுறையில் வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அவளும் தத்தெடுக்கப்பட்டவள் என்பதால் எளிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கதை தலைகீழ். தம்பி வருகிறான் என்ற செய்தி அவளுடைய சொந்தக் கதையைக் கிளறிவிட்டது. "என்னையும் யாராவது கோப்பில் படித்துத்தான் சரியென்று சொன்னீர்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எத்தனை நாள் யோசித்தீர்கள்?" ஒரே இரவு என்றேன், அது உண்மை. தம்பிக்கு எத்தனை நாள் என்று அடுத்து கேட்டாள். பதினோரு நாள். ஏன் என்று விளக்க வேண்டியிருந்தது. பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். பின்னாளில் அதே கோப்பு அவள் கைக்கு வரும்.

நீங்கள் செய்யக்கூடியவை: அவளுடைய தத்துக் கதையை, இல்லத்தின் படங்களை, பயணத்தை, தம்பியின் விஷயம் தொடங்கும் முன் ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள். "உனக்கு விளையாடத் துணை வருகிறது" என்று ஆசை காட்டாதீர்கள். ஐந்து வயதில் வரும் பிள்ளை முதல் வாரமே அவள் பொம்மையை உடைத்தால் அந்த வாக்குறுதி உங்கள் மேல் திரும்பும். அவளுக்கென்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி கொடுங்கள். இந்தியாவுக்கு அவளை அழைத்துப்போவதா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். நாங்கள் அழைத்துப்போகிறோம், ஆனால் அவளைக் கவனிக்க மட்டுமே என் தங்கை கூட வருகிறாள்.

உறவினர்

"உங்களுக்குத்தான் ஒன்று இருக்கிறதே" என்பதில் தொடங்கும். "யார் பெற்றதோ" என்று போகும். சாதி என்னவாம் என்று நேரே கேட்க மாட்டார்கள், "எந்தப் பக்கத்துக் குழந்தை" என்பார்கள். எல்லோருக்கும் விளக்கம் சொல்ல ஒரு குழந்தையின் வரலாறு பொதுச்சொத்து இல்லை. அவன் எப்படி இல்லத்துக்கு வந்தான் என்பதை என் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. வருத்தம்தான் அவருக்கு. அந்தக் கதையை முதலில் கேட்க வேண்டியவன் அவன்.

எனக்குப் பழக்கமான ஒரு பதிலை இரவல் தருகிறேன்: "அது அவன் பெரியவனாகிச் சொல்ல வேண்டியது, அத்தை." இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

வந்து இறங்கியதும் விருந்து, திருஷ்டி கழிப்பு, ஐம்பது பேர் தூக்கிக் கொஞ்சுவது, எதுவும் வேண்டாம். இல்லத்தில் வளர்ந்த குழந்தை யாரிடமும் போகும். அது இனிமையான சுபாவம் என்று உறவினர் மெச்சுவார்கள். இவர்கள்தான் என் ஆட்கள் என்று அவனுக்குப் புரியும்வரை சாப்பாடு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்வது நல்லது. தாத்தா பாட்டிக்கு இதைச் சொல்வது கடினம். வேறு வேலை கொடுங்கள். என் மாமனார் பையனுக்காக மராத்தி எழுத்துப் பலகை செய்துகொண்டிருக்கிறார்.

மொழியும் சாப்பாடும்

இந்தியக் குழந்தைதானே என்ற நினைப்பை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். இல்லத்தில் மராத்தி கேட்ட காதுக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒரே தூரம். ரசம் நமக்கு ஆறுதல், அவனுக்கு அந்நியம். முதல் மாதம் அவனுக்குத் தெரிந்த வரண்-பாத் என்னும் பருப்புச் சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு பாஜி. தட்டில் மிச்சம் வைக்காமல் விழுங்குவதும், தலையணைக்கு அடியில் ரொட்டியைப் பதுக்குவதும் நடக்கலாம். திட்டாமல், கைக்கெட்டும் உயரத்தில் எப்போதும் ஒரு டப்பாவில் தின்பண்டம் வைத்துவிடுங்கள். தீர்ந்தால் நிரம்பும் என்று அவன் கண்ணால் பார்த்துத்தான் நம்புவான்.

மகள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பாணி, தண்ணீர். பூக் லாக்லி, பசிக்கிறது. ஷூ லாக்லி, ஒன்றுக்கு வருகிறது. இகடே யே, இங்கே வா. மராத்தியில் அம்மாவுக்கு "ஆயி" என்று தெரிந்த அன்று அவள் சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாயிற்று. தமிழ் வீட்டில் வளர்ந்த எந்தக் குழந்தையும் சிரிக்கும். அவன் அப்படிக் கூப்பிடும்போது சிரிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அவள் மீறுவாள்.

வந்த பிறகு செய்ய வேண்டியவை

வேலை செய்யும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் 30 நாளுக்குள் பெயரைச் சேருங்கள். இது தவறினால் அடுத்த சேர்க்கைக் காலம்வரை கையிலிருந்து போகும். முதல் சில வாரங்களுக்குள் தத்து மருத்துவரிடம் காட்டி, காசநோய், மஞ்சள் காமாலை வகைகள், எச்ஐவி, குடற்புழு, ஈயம், ரத்தசோகை ஆகியவற்றுக்கான சோதனைகளை, இந்தியாவில் செய்திருந்தாலும், மறுபடி செய்துவிடுங்கள். காது, பேச்சு, பல் இவையும் எங்கள் பட்டியலில் உண்டு. சிறப்புக் கல்விக்கான மதிப்பீட்டை மூன்று வயது முதல் பொதுப் பள்ளியிடம் எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

குடும்ப விடுப்புச் சட்டப்படி பன்னிரண்டு வாரச் சம்பளமில்லா விடுப்பு தத்துக்கும் பொருந்தும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில். ஊரில் காத்திருக்கும் வாரங்களிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால், குழந்தைக்கு நீங்கள் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். வருமான வரியில் தத்துச் செலவுக்கான சலுகை 2025க்கு 17,280 டாலர் வரை. வெளிநாட்டுத் தத்தில் ஆணை முடிவான ஆண்டில்தான் அதைக் கோர முடியும். ஆகவே எல்லா ரசீதுகளையும் வைத்திருங்கள்.

குடியுரிமைச் சான்றிதழ் ஐஎச்-3 குழந்தைகளுக்குத் தபாலில் தானாக வரும். வராவிட்டால் விடாதீர்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் மட்டும் போதும் என்று இருந்துவிட்டு, வளர்ந்த பிறகு சிரமப்பட்டவர்கள் உண்டு. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லாததால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

காராவுக்குப் பின்தொடர் அறிக்கைகள் இரண்டு வருடம்: முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று. மொத்தம் ஆறு. தாமதமாக்காதீர்கள், அடுத்து வரிசையில் நிற்கும் குடும்பத்தின் ஏஜென்சிக்கு அது கெட்ட பெயர்.

வேலை முடிந்தது என்று கோப்பைப் பரணில் போட்டுவிடாதீர்கள். குழந்தை ஆய்வறிக்கை, இல்லத்தின் முகவரி, ஆயாவின் அரைப் பக்கம், தத்து ஆணையின் அசல், கடைசி நாளில் அவன் போட்டிருந்த சட்டை, எல்லாம் அவனுடையவை. பதினெட்டு வயதானதும் தன் வேரைத் தேடக் காராவிடம் அவனே விண்ணப்பிக்கலாம், அன்று இவை கேட்கப்படும். மகளுடையது நீலக் கோப்பு, அவள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. போன வாரம் அவளே கடைக்கு வந்து தம்பிக்கு ஒரு பச்சைக் கோப்பு எடுத்தாள்.